புது வீடு வாங்குகிறீர்களா? பத்திரம், பொறுப்பு, வாரண்டி பற்றிக் கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சொத்து வாங்குகிறவர்களுக்கு லீகல் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கட்டி முடித்த புது வீட்டை வாங்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்கிற நேரம்தான் தப்பு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியதை, புண்ணியார்ச்சனை, அதாவது கிரகப்பிரவேசம், முடிந்து முதல் மழைக்கு மாடி ஒழுகிய பிறகு வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

புது வீட்டுக்கு வாரண்டி என்று சட்டத்திலேயே ஏதாவது உண்டா? இல்லை, பில்டர் மனசு வைத்தால்தானா?

சட்டத்திலேயே உண்டு. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தை எல்லோரும் ரெரா என்கிறோம். அதன் 14-ஆம் பிரிவுப்படி, வீட்டை உங்களிடம் ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ, வேலைத் தரத்திலோ, செய்து கொடுத்த வசதிகளிலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம்.

இதில் ஒரு தந்திரம் நடக்கிறது. "ஸ்ட்ரக்சருக்கு 5 வருஷம், பூச்சு, டைல்ஸ், பிளம்பிங்குக்கு 1 வருஷம்" என்று அக்ரிமென்ட்டில் பிரித்து எழுதிவிடுவார்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. வேலைத் தரம் என்றால் டைல்ஸ் ஒட்டியதும் பாத்ரூம் குழாய் போட்டதும் அதில்தான் வருகின்றன. அந்த வரியைப் பார்த்தால் திருத்தச் சொல்லுங்கள். அதே சமயம், நீங்களே சுவரை உடைத்து ஏசி குழாய் விட்டு அந்த இடத்தில் ஈரம் இறங்கினால் அதைப் பில்டர் தலையில் கட்ட முடியாது.

"நம்ம புராஜெக்டுக்கு ரெரா தேவையில்லைங்க" என்கிறார் பில்டர். உண்மையா?

உண்மையாகவே இருக்கலாம். நம் ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். சட்டத்தின் வாசகப்படி, நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ மொத்தம் 8 வீட்டுக்கு மேல் போகாவிட்டாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்றால் சுமார் 5,380 சதுர அடி, அதாவது 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். சரவணம்பட்டி, சூலூர், அவிநாசி, பெருந்துறை பக்கம் புதிதாக எழும்புகிற தனி வீடுகளை எண்ணிப் பாருங்கள். 10 சென்ட் சைட்டை வாங்கி மூன்றாகப் பிரித்து மூன்று வீடு கட்டி விற்கிற சின்ன பில்டர்கள்தான் அதிகம். அவர்கள் பதிவு வளையத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

அதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த மாதிரிக் கட்டினவர்களில் நல்லவர்கள் நிறையப் பேர். ஆனால் சட்டம் தானாகக் கொடுக்கிற 5 ஆண்டுப் பொறுப்பை அங்கே நீங்கள்தான் எழுதி வாங்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு பத்தி போதும்: சாவி கொடுத்த தேதியிலிருந்து 5 ஆண்டுக்குள் விரிசல், ஒழுகல், ஓதம், குழாய், வயரிங் குறை எது வந்தாலும், எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள் விற்பவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் வாங்குபவர் செய்துகொண்டு செலவை வசூலிக்கலாம். கூடவே என்ன சிமெண்ட், எந்தக் கம்பி, எத்தனை கோட் பெயிண்ட், என்ன வாட்டர் புரூஃபிங் என்ற பட்டியலை இணைப்பாகச் சேருங்கள். வெறும் கிரயப் பத்திரம் மட்டும் இருந்தால், "நான் இடத்தை விற்றேன், கட்டிக் கொடுப்பதாகச் சேவை எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை" என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதாட வழி கிடைத்துவிடும். கட்டுமான விவரம் எழுத்தில் இருந்தால் அந்த வழி அடைபடும்.

லேஅவுட் போட்டு வில்லா விற்கிற பெரிய இடமாக இருந்தால், ரெரா பதிவு எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். எண்ணை வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அங்கீகரித்த வரைபடம் அங்கேயே கிடைக்கும். விற்பனையாளர் காட்டுகிற வழவழப்பான பிரோஷருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சொந்த சைட்டில் இன்ஜினியரிடம் சதுர அடி ரேட்டுக்குக் கட்டக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

ரெரா பொருந்தாது. அவர் உங்களுக்கு வீடு விற்கவில்லை, வேலைதான் செய்கிறார். ஆனால் காசு வாங்கிச் செய்கிற வேலை சேவை என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தும். ஒப்பந்தம் இருந்தால் மட்டும். டைரியில் எழுதிய ரேட்டும் தேதியும் ஒப்பந்தம் ஆகாது என்று சொல்லவில்லை. நிரூபிக்க நாய் படாத பாடு பட வேண்டும்.

என்னென்ன பேப்பர் பார்க்க வேண்டும்?

மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறாமல் வந்த பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட வரைபடம், மனை அங்கீகாரம், கட்டட அனுமதி, வரைபடம், வரி ரசீது. இந்தப் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். நான் பார்த்த சிக்கல்கள் பெரும்பாலும் பட்டியலில் இல்லாத இடத்தில்தான் வந்தன.

முதலாவது, அக்கா தங்கச்சி கையெழுத்து. இந்தப் பக்கத்து மனைகளில் பாதி, ஒரு தலைமுறைக்கு முன் தோட்டமாக இருந்த பூமி. அப்பா காலமானதும் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு, சீர் செய்து கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று பெண் பிள்ளைகளைப் பத்திரத்தில் சேர்க்காமலே விட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்த சட்டத் திருத்தங்கள் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டன. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாரிசுச் சான்றை வாங்கிப் பெயர்களை எண்ணுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களையும் எண்ணுங்கள். எண்ணிக்கை இடித்தால் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள். "அவங்களெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பது பதில் இல்லை. சென்ட் விலை ஏறிய பிறகு எல்லோரும் சொல்வார்கள்.

இரண்டாவது, இட்டேரியும் பள்ளமும். புலப்பட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைச் சுற்றி நடங்கள். இட்டேரி என்கிற வண்டிப்பாதை, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எதுவும் காம்பவுண்டுக்குள் போய்விடவில்லையா? கீழ்பவானி, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் பக்கத்து மனைகளில் இது ரொம்ப முக்கியம். பத்து வருஷமாகத் தண்ணீர் வராத பள்ளம், ஒரு ஐப்பசி மழைக்குத் தன் பாதையை ஞாபகப்படுத்திக்கொள்ளும்.

மூன்றாவது, மனை அங்கீகாரம். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் விதிகள் கொண்டுவந்தது. 20-10-2016-க்கு முன் போட்ட மனைப்பிரிவுக்குத்தான் அது. தொண்டாமுத்தூர், மதுக்கரை பக்கத்து மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க" என்று ஒரு பழைய தீர்மான நகலைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம் பவர், அதாவது தன் சார்பில் விற்க ஒருவர் எழுதிக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம். நிலத்துக்காரரிடம் பவர் வாங்கித்தான் பல பில்டர்கள் கட்டுகிறார்கள். பவர் ரத்தாகவில்லை என்பதை வில்லங்கத்தில் பாருங்கள். பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் கேளுங்கள்.

ரெரா பதிவு பெற்ற இடத்தில் நிலத்தின் உரிமையிலேயே குறை இருந்து நஷ்டப்பட்டால், அதற்கு நஷ்டஈடு கேட்கக் காலக்கெடுவே கிடையாது. 18-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

பேங்க் லோன் கொடுத்துவிட்டது. அப்படியென்றால் பத்திரம் சுத்தம்தானே?

பேங்குக்கு லீகல் எழுதுகிறவனே சொல்கிறேன்: இல்லை. கடனை வசூலிக்கச் சொத்து போதுமா என்பதுதான் அவர்கள் கவலை. மேற்குச் சுவர் பக்கத்து மனையில் அரை அடி ஏறியிருக்கிறதா என்று யாரும் டேப் பிடிப்பதில்லை.

அனுமதி வாங்கிய பிளான் ஒன்று, கட்டியது வேறு. பரவாயில்லையா?

பிளானில் கார் ஷெட் என்று இருக்கும், அங்கே படுக்கையறை இருக்கும். பிளானில் 3 அடி விட்டிருப்பார்கள், நேரில் சன்ஷேடு பக்கத்து வீட்டை முட்டும். இந்த மீறல் எல்லாம் பத்திரத்தோடு சேர்ந்து உங்கள் பெயருக்கு வருகிறது. நோட்டீஸ் வந்தால் அது வீட்டுக்காரருக்குத்தான் வரும். கட்டினவர் அதற்குள் அடுத்த சைட்டில் பூமி பூஜை போட்டிருப்பார்.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு தளமும் என்ற அளவுக்கு சுயசான்று முறையில் இணையம் வழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் சுயசான்று என்றால், விதிப்படி கட்டுகிறேன் என்று அவரே சொல்லிக்கொண்டது என்று பொருள். அதிகாரி யாரும் முன்கூட்டி வந்து அளந்துவிட்டுக் கொடுத்ததல்ல. வாங்குகிற நீங்கள் அளந்தால்தான் உண்டு.

கட்டட நிறைவுச் சான்று சின்ன வீடுகளுக்கு விலக்கு, பெரிய கட்டடங்களுக்குக் கட்டாயம். அபார்ட்மென்ட் என்றால் அது கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நிரந்தர ஈபி இணைப்பே அதில் மாட்டிக்கொள்ளும்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

ரெராவுக்குள் வருகிற வீடு என்றால், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால் முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். மற்ற இடத்திலும் அதே அளவை நீங்களாகவே கடைப்பிடியுங்கள்.

ரொக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 60 லட்சத்துக்குப் பேசி, வழிகாட்டி மதிப்புக்கு 38 லட்சம் என்று பத்திரம் போட்டு, மீதியை மஞ்சள் பையில் கொடுப்பது ஊர் வழக்கம். சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். வாங்கியவர் பாடு கிடக்கட்டும், உங்கள் பாடு என்ன? நாளைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் 38 லட்சத்துக்குத்தான் ரசீது. பையில் போனது போனதுதான்.

பதிவுச் செலவு, ஜிஎஸ்டி, டிடிஎஸ்?

தனி வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். புது அபார்ட்மென்ட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து மனைப் பாகத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே பத்திரம்: 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7. கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 45 லட்சத்துக்குள், நம் ஊர்களில் 90 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியாவுக்குள் இருந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்கான வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. பலர் மறந்துவிட்டு ஒரு வருஷம் கழித்து வட்டியோடு கட்டுகிறார்கள்.

சாவி வாங்கும் முன் வீட்டில் எதைப் பார்ப்பது?

ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். பெயிண்ட் வாசம் அடிக்கிற வீட்டை அரை மணி நேரத்தில் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு தரை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். அடியில் கலவை நிறைந்த டைல் 'டக்'கென்று கெட்டியாகச் சொல்லும். பொக்காக இருப்பது சட்டியைத் தட்டினது போல் சத்தம் கொடுக்கும். அதன்மேல் பீரோவை வைத்த அன்றைக்கு உடையும். பொக்கானவற்றில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, அறையையே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடி பாத்ரூமில் தண்ணீர் போகிற ஓட்டையைத் துணி சுருட்டி அடைத்து, ஓரங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் கீழ் அறைக் கூரையை டார்ச் அடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ஈரம் இறங்கியிருந்தால் வட்டமாக நிறம் மாறியிருக்கும். மொட்டை மாடியிலும் இதையே செய்யலாம்; செய்ய விடாவிட்டால் அதுவே ஒரு பதில்.

விரிசலில் எல்லாம் பயப்பட வேண்டியதில்லை. பூச்சில் சிலந்திவலை மாதிரி மெல்லிசாக ஓடுவது, சரியாகத் தண்ணீர் கட்டாமல் காய்ந்தது. பில்லருக்கும் செங்கல்லுக்கும் நடுவே நேர்கோடாக வந்தால் அங்கே கோழிவலை வைக்காமல் பூசியிருக்கிறார்கள். இவை அசிங்கம்தான், ஆபத்தில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, கோடையில் வாய் பிளந்து மழைக்கு மூடிக்கொள்கிற விரிசல் வேறு ஜாதி. கோவையிலும் பல்லடம், சூலூர் பக்கமும் கரிசல் மண் இருக்கிற இடத்தில், மண் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அஸ்திவாரத்தை அதற்கேற்ப ஆழமாகவோ பைல் போட்டோ செய்திருக்க வேண்டும். மண் பரிசோதனை அறிக்கை, ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இரண்டையும் கேளுங்கள். சாதாரண வீட்டுக்கு மண் பரிசோதனையா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நல்ல முகூர்த்தம் கிடைத்திருக்கிறது. வேலை கொஞ்சம் பாக்கி. புண்ணியார்ச்சனை வைக்கலாமா?

ஆடி வந்தால் முடியாது, மார்கழியும் ஆகாது. வைகாசிக்குள் பால் காய்ச்சியாக வேண்டும் என்று வீட்டில் நெருக்குவார்கள். பில்டருக்கும் அது தெரியும். "வையுங்க, பாக்கி வேலையை நீங்க இருக்கையிலேயே முடிச்சுடலாம்" என்பார்.

வைக்கலாம். ஆனால் சாவி வாங்குகிற அன்று ஒரு தாளில், இது விசேஷத்துக்காக மட்டும் வாங்கிய சாவி, வீடு இன்னும் ஒப்படைக்கப்படவில்லை, பாக்கி வேலைகள் இவை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் 5 ஆண்டுக் கணக்கு அன்றே ஓட ஆரம்பித்துவிட்டது, குறை ஏதும் சொல்லாமல் குடிபோனார் என்று பின்னால் வாதம் வரும். அதற்கு ஆதாரமாக உங்கள் அழைப்பிதழையே நீட்டலாம். தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் நீங்களே அச்சடித்துக் கொடுத்ததாயிற்றே!

கடைசித் தொகையில் கொஞ்சம் பாக்கி வேலைக்கென்று நிறுத்தி வைத்துக்கொள்ள முடிந்தால், எந்தச் சட்டத்தையும்விட அது வேகமாக வேலை செய்யும்.

ஒழுக ஆரம்பித்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மாடி பாத்ரூமிலிருந்து சமையலறைக் கூரைக்கு ஈரம் இறங்கியது. கட்டி விற்றவரைக் கூப்பிட்டேன். முதல் வருஷம் "புது வீடுங்க, ஈரம் காயும்" என்றார். இரண்டாம் வருஷம் "நீங்க தண்ணி அதிகமா ஊத்தறீங்க" என்றார். மூன்றாம் வருஷம் போன் எடுக்கவில்லை. அத்தனையும் வாய்ப்பேச்சு, ஒரு வரி எழுத்தில் இல்லை. ஊருக்கெல்லாம் லீகல் எழுதுகிறவன் வீட்டில் இந்த லட்சணம். கடைசியில் என் செலவில் பாத்ரூம் தரையைக் கொத்திப் பார்த்தால், குழாய் இணைப்பில் பசையே ஒட்டவில்லை.

ஆகவே முதல் நாளே வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்புங்கள். ஒரு வாரத்தில் அசையாவிட்டால் ஒப்புகையோடு தபாலில் கடிதம். விரிசல் என்றால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, மாதாமாதம் படம் எடுங்கள். 30 நாள் தாண்டினால் வெளி இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காரணத்தோடும் செலவு மதிப்பீட்டோடும் அறிக்கை வாங்குங்கள். இதெல்லாம் கையில் இருக்கும்போது வக்கீல் நோட்டீஸுக்கே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

வராதவருக்கு இரண்டு வழி. ரெராவுக்குள் வருகிற வீடு என்றால் தமிழ்நாடு ரெராவில் இணையம் வழியே புகார். மற்றபடி நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். குறை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுப்பவர் சில சமயம் இந்த இரண்டு ஆண்டைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார். ரெரா இருப்பதால் நுகர்வோர் வழி மூடப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது.

இரண்டு வருஷம் முன் வாங்கியவரிடமிருந்து நான் வாங்குகிறேன். மீதி 3 வருஷம் எனக்குச் சேருமா?

சேரும். ரெரா சட்டத்தில் ஒதுக்கீடு பெற்றவர் என்ற சொல், அவரிடமிருந்து பின்னால் வாங்கியவரையும் உள்ளடக்கியது. முதல் ஒப்பந்தமும் சாவி ஒப்படைத்த கடிதமும் அவரிடமிருந்து உங்கள் கைக்கு வர வேண்டும். சின்ன பில்டரிடம் தனியாக எழுதி வாங்கிய பொறுப்பு என்றால், அது அடுத்து வாங்குபவருக்கும் செல்லும் என்று அதிலேயே ஒரு வரி இருப்பது நல்லது.

மோட்டார், குழாய், கரையான் மருந்துக்கெல்லாம்?

அவை கம்பெனி வாரண்டி. பில்லும் கார்டும் பில்டர் பெயரில் இருக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஊரிலேயே செய்ததாக இருந்தாலும் பில் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் மாற்றித் தர மாட்டார்கள். கரையான் மருந்து அடித்த கம்பெனியும், வாட்டர் புரூஃபிங் செய்தவரும் தனியாகக் கடிதம் கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

பில்டர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரே?

இந்தப் பக்கத்தில் எனக்கு வருகிற கேஸில் பாதி இப்படித் தொடங்கியதுதான். பங்காளி, மாமன் மகன், கோயில் ஒரே கோயில் என்பார்கள். "பேங்க் கேக்குதுங்க, லீகல் பாக்கறவர் எழுதி வாங்கச் சொல்றாருங்க" என்று பழியை என்மேல் போட்டுவிடுங்கள், எனக்குப் பழகிவிட்டது. அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்திய மாமா ஒருவர் இருப்பார் இல்லையா? சாட்சிக் கையெழுத்தை அவரையே போடச் சொல்லுங்கள்.